100 வாட் என்றால் எத்தனை வாட்?

"ஸ்பீக்கர்ல 8 ஓம், 100 வாட்னு போட்டிருக்கு. இதுக்கு எத்தனை வாட் ரிசீவர் வாங்கணும்?"

ஹோம் தியேட்டர் பற்றிப் பேச்சு எடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். சில வருஷங்களுக்கு முன்னால் நானும் இதையேதான் கேட்டேன். எல்லோருக்கும் கிடைக்கும் அதே பதில்தான் எனக்கும் கிடைத்தது: "ஸ்பீக்கர் வாட்டுக்குச் சமமா எடுங்க, முடிஞ்சா கொஞ்சம் கூடவே எடுங்க." மோட்டார் வாங்கும்போது குதிரைத்திறன் பார்ப்பது போல, கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

எனக்கு அப்போது ஒரு அவசரத் தேவையும் இருந்தது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. படம் பார்க்க உட்கார்ந்தால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை "என்ன சொன்னான்?" என்று கேட்பார். தமிழ்ப் படத்துக்கே இந்தக் கேள்வி. பின்னணி இசை வந்தால் வசனம் கரைந்துவிடுகிறது, சத்தத்தைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிறது. ரிசீவரில் பலம் போதவில்லை என்று முடிவு கட்டி, அதைக் கொடுத்துவிட்டு வாட் கூடுதலான ஒன்றை வாங்கினேன். முதல் வாரம் எல்லோருக்கும் நன்றாகக் கேட்பது போலவே இருந்தது. இரண்டாவது வாரம் அப்பா மறுபடியும் "என்ன சொன்னான்?" என்றார்.

அதற்குப் பிறகுதான் பெட்டியில் எழுதியிருக்கும் அந்த எண்ணை ஒழுங்காக வாசிக்க ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பு பற்றியது. ஸ்பெக் ஷீட் என்பதும் ஒரு பிரதிதான். அதை எழுதியவருக்கு ஒரு நோக்கம் இருக்கிறது, சொல்லாமல் விட்டவையும் இருக்கின்றன.

ஒரே பெட்டி, மூன்று எண்கள்

பலர் முதல் ரிசீவராக வாங்கிய ஒரு மாடலையே எடுத்துக்கொள்வோம்: யமஹா ஆர்எக்ஸ்-வி385. 5.1 சேனல். இதன் ஸ்பெக் ஷீட்டில் ஒரு சேனலின் பவராக மூன்று எண்கள் இருக்கின்றன.

முதலாவது 70 வாட்: 6 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.09 சதவீத டிஸ்டார்ஷன், இரண்டு சேனல்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது.

இரண்டாவது 100 வாட்: 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸில் மட்டும், 0.9 சதவீத டிஸ்டார்ஷன், ஒரே ஒரு சேனல் ஓடும்போது.

மூன்றாவது 135 வாட்: 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், ஒரு சேனல்.

அதே இயந்திரம், அதே டிரான்ஸ்ஃபார்மர். எந்த நிலைமையில் அளந்தார்கள் என்பது மட்டும்தான் வேறு. நிறுவனம் இங்கே பொய் சொல்லவில்லை. மூன்றையும் நிபந்தனைகளோடு அச்சிட்டு வைத்திருக்கிறது. ஆனால் கடையில் நம்மிடம் சொல்லப்படுவது எந்த எண் என்று யோசித்துப் பாருங்கள். விற்பவர் 135 என்பார், நாம் வீட்டுக்கு வந்து 135 என்று ஊருக்குச் சொல்வோம். 10 சதவீத டிஸ்டார்ஷன் என்றால் காதுக்கு நன்றாகவே தெரியும் கரகரப்பு. அந்த அளவில் யாரும் படம் பார்க்க மாட்டார்கள்.

இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. ஒருவர் 8 ஓமில் முழு அலைவரிசைக்கும் அளந்து 80 என்கிறார். இன்னொருவர் 6 ஓமில் 1 கிலோஹெர்ட்ஸில் அளந்து 140 என்கிறார். 140 பெரிசு என்று நினைத்து வாங்கிவிடுகிறோம். உண்மையில் இரண்டாவது பெட்டி முதலாவதை விடச் சின்னதாகவும் இருக்கலாம். கிலோவையும் படியையும் ஒப்பிட்டு விலை பேசுகிற மாதிரி.

நமக்கு இது புதிதும் இல்லை. கேசட் காலத்தில் டூ-இன்-ஒன் பெட்டிகளிலும், பிறகு கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களிலும் "1000 வாட் பிஎம்பிஓ", "2000 வாட் பிஎம்பிஓ" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது நினைவிருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்து வாய் பிளந்தவர்களில் நானும் ஒருவன். கையில் தூக்கினால் காலி டப்பா மாதிரி இருக்கும் பெட்டிக்கு 2000 வாட். பிஎம்பிஓ என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவீட்டு முறை எதுவும் கிடையாது. ஒரு கண நேர உச்சத்தை எடுத்து, எல்லா ஸ்பீக்கருக்கும் கூட்டி, வேண்டிய அளவுக்குப் பெருக்கிக்கொள்ளலாம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஆம்ப்ளிஃபையர் விளம்பரங்களில் வாட் எண்கள் வரைமுறையில்லாமல் போனதால் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-இல் அதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. 2024-இல் அதைப் புதுப்பித்தபோது 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ், 1 சதவீதத்துக்குக் குறைவான டிஸ்டார்ஷன் என்று சோதனை நிபந்தனைகளையே வரையறுத்தது. ஐம்பது வருஷமாக ஒரு அரசாங்க அமைப்பு பின்னாலேயே போகவேண்டியிருக்கிறது என்றால், அந்த எண்ணின் யோக்கியதை எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

30 வாட் கூடினால் என்ன கேட்கும்?

சரி, நேர்மையாக அளந்த எண்களே கிடைத்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரிசீவர் 70 வாட், இன்னொன்று 100 வாட். வித்தியாசம் எவ்வளவு?

1.5 டெசிபல். அவ்வளவுதான்.

வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல் கூடும். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். அதாவது 70 வாட் பெட்டியை விட இரண்டு மடங்கு சத்தம் வேண்டுமென்றால் 700 வாட். 70-க்கும் 100-க்கும் நடுவில் இருக்கும் 1.5 டெசிபல், ரிமோட்டில் வால்யூம் பட்டனை இரண்டு மூன்று முறை தட்டுகிற தூரம். அந்தத் தூரத்துக்குத்தான் நான் பதினைந்தாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தேன்.

அதுவும் இரண்டு பெட்டிகளையும் அவற்றின் உச்சத்துக்கு ஓட்டினால்தான். உச்சத்துக்குக் கீழே இரண்டும் ஒரே சத்தத்தைத்தான் தரும். 100 வாட் பெட்டி, வால்யூமைக் குறைத்து வைத்திருக்கும்போது "அதிக பலத்தோடு" பாடுவதில்லை.

கணக்கு ஸ்பீக்கரில் ஆரம்பிக்கிறது

இங்கேதான் நம் முதல் கேள்வியின் பிழை தெரிகிறது. ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் "100 வாட்" அது கேட்கும் அளவு கிடையாது. அது தாங்கும் எல்லை. ரிசீவரைத் தேர்வு செய்ய அந்த எண்ணால் பெரிய பிரயோஜனம் இல்லை. பார்க்கவேண்டிய எண் சென்சிடிவிட்டி. 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பது அது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் சரியாக 1 வாட்.

கேஇஎஃப் எல்எஸ்50-க்கு நிறுவனம் சொல்வது 85 டெசிபல். கிளிப்ஷ் ஆர்பி-600எம்-க்கு 96. இரண்டுமே புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள்தான். நடுவில் 11 டெசிபல் வித்தியாசம். வாட் கணக்கில் அது பன்னிரண்டு மடங்குக்கும் மேல். கிளிப்ஷுக்கு 8 வாட் போதுமான இடத்தில் கேஇஎஃப் 100 வாட் கேட்கும். (சில நிறுவனங்கள் அறைக்குள் அளந்த எண்ணைப் போடுகின்றன. எதிரொலி இல்லாத கூடத்தில் அளந்தால் அது சில டெசிபல் குறையும். எனவே இந்த எண்ணையும் கொஞ்சம் தள்ளுபடியோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.) ரிசீவருக்கு ரிசீவர் இருக்கும் 20, 30 வாட் வித்தியாசத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்கிறோம். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் இருக்கும் இந்த மலையளவு வித்தியாசத்தை யாரும் கேட்பதே இல்லை.

அடுத்து தூரம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். 3 மீட்டரில் உட்கார்ந்தால் 9.5 டெசிபல் போய்விடும். அறைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும். அதை விட்டுவிட்டு, கெடுபிடியாகவே கணக்குப் போடுவோம்.

சென்சிடிவிட்டி 88 டெசிபல் உள்ள நடுத்தர ஸ்பீக்கர். 3 மீட்டரில் 1 வாட்டுக்கு 78.5 டெசிபல் வரும். சினிமா அரங்கின் ரெஃபரன்ஸ் அளவு என்பது முன் சேனல்களில் 105 டெசிபல் உச்சம். அதைத் தொட ஏறக்குறைய 450 வாட் வேண்டும். எந்த ரிசீவராலும் ஆகாத காரியம். சோர்ந்துபோக வேண்டாம். அடுக்குமாடி வீட்டில் ரெஃபரன்ஸ் அளவில் படம் பார்ப்பவர் யாருமில்லை. பார்த்தால் அசோசியேஷன் செக்ரட்டரி மேலே வந்துவிடுவார். வீட்டில் நாம் வைப்பது அதைவிடக் குறைந்தது 15 டெசிபல் கீழே. அப்போது உச்சம் 90 டெசிபல். அதற்கு வேண்டியது 14 வாட்.

ஆமாம், 14. அதுவும் வெடிச் சத்தம் வரும் அந்தக் கண நேரத்துக்கு. மற்ற நேரமெல்லாம் ஒரு வாட்டுக்கும் கீழேதான் ஓடிக்கொண்டிருக்கும். இதே கணக்கை 85 டெசிபல் ஸ்பீக்கருக்குப் போட்டால் 28 வாட். 96 டெசிபல் ஸ்பீக்கருக்கு இரண்டே கால் வாட். சாதாரண நடுத்தர வர்க்க ஹாலில், இந்தச் சத்த அளவில், விலை குறைந்த ரிசீவருக்கும் இது பாரமே இல்லை.

உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, உட்காரும் தூரம், எவ்வளவு சத்தம் வைப்பீர்கள் என்ற மூன்றும் போதும். விடை 30, 40 வாட்டுக்குள் வந்தால் வாட் எண்ணை மறந்துவிடுங்கள். 200-ஐத் தாண்டினால் அதை ரிசீவர் மாற்றித் தீர்க்க முடியாது. ஸ்பீக்கரை மாற்றணும், இல்லையென்றால் தனி பவர் ஆம்ப்ளிஃபையர் பக்கம் போகணும்.

ஓம் என்பது கொஞ்சம் வில்லங்கம்

வாட்டை விட ஓம் எண்ணுக்குத்தான் கவனம் வேண்டும். ஆனால் அதிலும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: ரிசீவர் 6 ஓம் என்றால் ஸ்பீக்கரும் 6 ஓமாக இருக்கணும், "மேட்ச்" ஆகணும் என்பது. அப்படி எதுவும் இல்லை. ரிசீவர் போன்ற டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்களுக்குப் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை. சுமை ரொம்பக் கீழே இறங்கக் கூடாது, அவ்வளவுதான். ஓம் குறைந்தால் ஸ்பீக்கர் அதிகக் கரண்ட் இழுக்கும், பெட்டி சூடாகும், பாதுகாப்புச் சுற்று நிறுத்திவிடும். 6 ஓம் ரிசீவருக்கு 8 ஓம் ஸ்பீக்கர் தாராளமாகப் போடலாம். தலைகீழாகத்தான் யோசிக்க வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால், ஸ்பீக்கரின் ஓம் ஒரே எண் கிடையாது. அலைவரிசைக்கு அலைவரிசை ஏறி இறங்கும். எல்எஸ்50-ஐயே மறுபடி பார்ப்போம். ஸ்பெக் ஷீட்டில் 8 ஓம், பக்கத்திலேயே குறைந்தபட்சம் 3.2 ஓம். சர்வதேச ஐஇசி தரத்தின்படி ஸ்பீக்கரின் ஓம், அறிவித்த எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 8 ஓம் என்று சொன்னால் 6.4-க்குக் கீழே போகக் கூடாது. அந்த அளவுகோலில் 3.2 வரை இறங்கும் ஸ்பீக்கருக்குச் சரியான பெயர் 4 ஓம். குறைந்தபட்ச எண்ணையும் வெளிப்படையாகப் போட்டிருப்பதற்கு நிறுவனத்தைப் பாராட்டலாம். பல நிறுவனங்கள் அதைக்கூடச் சொல்வதில்லை.

இதை ரிசீவரோடு சேர்த்துப் பாருங்கள். 6 ஓமில் 70 வாட் தரும் பெட்டி சுமார் 20.5 வோல்ட் கொடுக்கிறது. அதே வோல்ட் 3.2 ஓமில் விழுந்தால் 131 வாட், கரண்ட் 3.4 ஆம்பியரிலிருந்து 6.4-க்கு எகிறும். சின்னப் பெட்டியின் பவர் சப்ளைக்கு அது திணறல்தான். மிதமான சத்தத்தில் சமாளித்துவிடும், விசேஷ நாளில் சத்தம் ஏற்றினால் மூச்சு வாங்கும். எனவே குறைந்தபட்ச ஓம் 4-ஐ ஒட்டி வரும் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள், ரிசீவரின் கையேட்டில் 4 ஓம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

இன்னொரு சின்ன வித்தை: 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் 1 வாட் இல்லை, 2 வாட். எனவே 4 ஓம் ஸ்பீக்கரில் "90 டெசிபல்" என்று போட்டிருந்தால், வாட் கணக்கில் அது 87-தான்.

சில ரிசீவர்களின் மெனுவில் ஓம் தேர்வு ஒன்று இருக்கும். 4 அல்லது 6 என்று மாற்றினால் ரிசீவர் ஸ்பீக்கருக்கு "செட்" ஆகிவிடும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது செய்வது, உள்ளே வோல்டேஜைக் குறைத்து, பெட்டி சூடாகாமல் பார்த்துக்கொள்வது. உச்ச பவர் குறையுமே தவிர ஒலி மேம்படாது.

எதிர்த்தரப்பின் வாதமும் முழுசாகச் சரியில்லை

வாட் மோகத்தை எதிர்ப்பவர்களிடம் இன்னொரு மோகம் இருக்கிறது: "ஐந்து சேனலும் ஒரே நேரத்தில் ஓடும்போது எத்தனை வாட்?" என்ற கேள்வி. ஐந்திலும் ஒரே நேரத்தில் முழு பவர் கொடுத்து அளந்தால் விலை குறைந்த பெட்டிகளின் எண் வெகுவாகச் சரியும், உண்மை. ஆனால் எந்தப் படமும் அப்படி ஐந்து சேனலிலும் இடைவிடாமல் உச்சத்தில் ஓடுவதில்லை. வசனம் சென்டரில், இசை முன்னால் இரண்டில், பின்னால் அவ்வப்போது மழையும் ஹெலிகாப்டரும். இரண்டு சேனல் ஓடும்போது அளந்த முழு அலைவரிசை எண்ணே நடைமுறைக்குப் போதுமான நேர்மை.

அதேபோல, பின்பக்க லேபிளில் இருக்கும் மின் நுகர்வு எண்ணைக் காட்டி "இவ்வளவுதான் இழுக்குது, அப்புறம் எப்படி அஞ்சு சேனலுக்கு நூறு நூறு வாட் வரும்?" என்று மடக்குவார்கள். கேட்க சாமர்த்தியமான வாதம். ஆனால் அந்த எண் முழு பவரில் அளந்தது கிடையாது. அறிவித்த பவரில் எட்டில் ஒரு பங்கு போன்ற சாதாரண ஓட்டத்தில் அளப்பதே வழக்கம். கண நேர உச்சத்துக்கு உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் கை கொடுக்கும்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

வாட் ஓரளவு இருந்தால் போதும் என்று ஆன பிறகு, ரிசீவருக்கு ரிசீவர் உண்மையில் வேறுபடுவது வேறு இடங்களில்.

முதலாவது, பேஸைப் பிரித்துத் தருவது. சொந்த ஆம்ப்ளிஃபையர் உள்ள சப்வூஃபர் இருந்தால், மெனுவில் மற்ற ஸ்பீக்கர்களை "ஸ்மால்" என்று வைத்து, கிராஸோவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதிக பவர் தின்னும் கீழ் அலைவரிசை முழுவதும் சப்வூஃபருக்குப் போய்விடும். இந்த ஒரு செட்டிங் தரும் நிம்மதியை 30 வாட் கூடுதல் தராது. ஆட்டோ செட்டப் பெரிய டவர் ஸ்பீக்கர்களை அடிக்கடி "லார்ஜ்" என்று குறித்துவிடும், கையால் மாற்றணும். "என் டவரைப் போய் ஸ்மாலா?" என்று கௌரவம் பார்க்கக் கூடாது.

இரண்டாவது, அறையைச் சரிசெய்யும் மென்பொருள். ஆடிஸி, யமஹாவின் ஒய்பாவ், டிராக் லைவ் எல்லாம் அந்த வகை. செங்கல் சுவர், டைல்ஸ் தரை, மேலே கான்கிரீட் என்று இருக்கும் நம் அறைகளில் ஒலி பந்து மாதிரி எகிறும். ஒரே பிராண்டில் ஒரு படி மேலே போகும்போது வாட் சொற்பமாகத்தான் ஏறும். ஆனால் அந்தப் படியில் மேம்பட்ட அறைத் திருத்தம் வரக்கூடும். கூடுதல் காசுக்குக் காரணம் தேடினால் அங்கே தேடலாம். என்றாலும் மென்பொருளால் எதிரொலியைத் துடைக்க முடியாது. கனமான திரைச்சீலையும் கீழே ஒரு கம்பளமும் அந்த வேலையைச் செய்யும்.

மூன்றாவது, ப்ரீ-அவுட். முன் ஸ்பீக்கர்களுக்கு ப்ரீ-அவுட் இருந்தால், நாளைக்குப் பசி அதிகமுள்ள ஸ்பீக்கர் வாங்கினாலும் தனி பவர் ஆம்ப்ளிஃபையர் சேர்த்துக்கொள்ளலாம். ரிசீவரைத் தூக்கிப் போட வேண்டாம்.

நான்காவது, காற்று. டிவி யூனிட்டின் மூடிய அலமாரிக்குள் ரிசீவரைத் திணித்துவிட்டு, சித்திரை வெயிலில் அது நின்றுபோனால் "வாட் பத்தலை" என்கிறோம். மேலே நான்கு விரற்கடையாவது இடம் விடுங்கள்.

அப்பாவின் கதை

மறுபடி அப்பாவிடம் வருகிறேன். அவருடைய பிரச்சினை சத்தம் போதாமல் வந்ததே கிடையாது. வயதாகும்போது முதலில் குறைவது உயர் அலைவரிசைகளைக் கேட்கும் திறன். க, ச, த, ப என்று ஒலிகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. மனிதர்களின் குரல் கேட்கும், சொல் பிடிபடாது.

எங்கள் சென்டர் ஸ்பீக்கர் டிவிக்குக் கீழே அலமாரித் தட்டின் உள்பக்கமாக, முழங்காலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அப்பா உட்காருவது ஓரத்து நாற்காலி. இரண்டு வூஃபர்கள் படுக்கை வசத்தில் இருக்க, நடுவில் ட்வீட்டர் வைத்த சென்டர் ஸ்பீக்கர்களை ஓரத்திலிருந்து கேட்டால், பேச்சு இருக்கும் அலைவரிசையில் பள்ளம் விழும். இரண்டு வூஃபரிலிருந்தும் வரும் ஒலி ஓரத்தில் முன்பின்னாக வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்வதுதான் காரணம். ரிசீவரை மாற்றிக்கொண்டிருந்த நான், நாற்காலியை மாற்ற நினைக்கவில்லை.

ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்புக்கு இழுத்தேன். கீழே இரண்டு ரப்பர் துண்டு கொடுத்து முகத்தைப் பார்க்க நிமிர்த்தினேன். மெனுவில் சென்டரின் அளவை 3 டெசிபல் கூட்டினேன். இரவு நேரத்துக்கு டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷனைப் போட்டேன்; சண்டையும் கிசுகிசுப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஜன்னலுக்குத் திரை, தரைக்குக் கம்பளம். நாற்காலியை நடுவுக்கு நகர்த்தியதற்கு அப்பாவிடமிருந்து எதிர்ப்பு வந்தது, ஃபேன் காற்று வரலையாம். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. கம்பளமும் திரையும் சேர்த்து ஆன செலவு, ரிசீவருக்குக் கூடுதலாகக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

இதெல்லாம் பழைய ரிசீவரிலேயே செய்திருக்கக் கூடியவை. இப்போதும் "என்ன சொன்னான்?" வருகிறது, ஆனால் படத்துக்கு இரண்டு தடவை. அதில் ஒன்று எனக்கும் புரியாத வசனமாக இருக்கிறது.

அடுத்த முறை யாராவது "எத்தனை வாட் வாங்கணும்?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: ஸ்பீக்கர் எது, எவ்வளவு தூரத்தில் உட்காருவீங்க, எவ்வளவு சத்தம் வைப்பீங்க, யாருக்காக வாங்கறீங்க? நாலாவது கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகு ரிசீவர் விலையில் கொஞ்சம் குறைத்து, மிச்சத்தை சென்டர் ஸ்பீக்கரிலும் சப்வூஃபரிலும் போடச் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். பலர் 135 வாட் பெட்டியோடு வீட்டுக்குப் போகிறார்கள்.